லாக் போயிடுச்சுங்க

கோயமுத்தூர் வரைக்குமுங்களா? நானும் அங்கதானுங்க. உக்கடத்துல எறங்கி கணபதிக்கு வேற பஸ் புடிக்கோணும். சன்னலோரம் வேணும்னா நீங்க உக்காருங்க, எனக்கு எங்கயும் ஒண்ணுதான். இந்தப் பையை மேல வெக்க முடியாதுங்க, உள்ள மீட்டரு, சால்டரிங் அயர்ன் எல்லாம் கெடக்குது. போர்டு வேலைங்க நமக்கு. மோட்டார் ஸ்டார்ட்டர்ல, தறியில, மாவு மில்லுல எல்லாம் உள்ள ஒரு பச்சைப் போர்டு இருக்குமில்லீங்க, அது கெட்டா நம்மகிட்ட வரும். புதுசாவும் பண்ணிக் குடுப்பேன். இருவத்திரண்டு வருசமாச்சு.

ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க வெளியாளு, என்னையத் தெரியாது, அதனாலதான் கேக்கறேன். ஒருத்தன் தமாசுக்கு ஒண்ணு சொல்றான். அதைய இன்னொருத்தர் நெசம்னு நம்பிச் செஞ்சுபோடறாரு. யாரு தப்புங்க அது? இல்ல, இப்பவே சொல்லாதீங்க. முழுசும் கேட்டுட்டுச் சொல்லுங்க. இப்பவே சொன்னீங்கன்னா எல்லாரும் சொல்றதையேதான் சொல்லுவீங்க.

எங்க லைன்ல ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்குதுங்க. போர்டு ரிப்பேர் பண்றவங்க மட்டும். ஈரோடு, சேலம், கரூரு, திண்டுக்கல்லுன்னு இருநூறு பேருக்கு மேல. ஒருத்தன் சந்தேகம் கேப்பான், நாலு பேரு பதில் சொல்லுவாங்க, பத்துப் பேரு கிண்டல் பண்ணுவாங்க. நாள் பூரா சூடு தாங்கிட்டு சால்டர் புகையில உக்காந்திருக்கறவனுங்களுக்கு வேற என்னங்க இருக்குது? அதுல கிண்டல் பண்றதுல நாந்தான் மொத ஆளு. நானே சொல்லிக்கப்படாது. என்ற பேரு தண்டபாணி, ஆனா குரூப்புல அப்படிச் சொன்னா யாருக்கும் தெரியாது. 'ஷார்ட் சர்க்யூட்'னுதான் அங்க பேரு வெச்சிருந்தேன். ஷார்ட் சர்க்யூட் இன்னைக்கு ஒண்ணும் போடலையான்னு கேக்கற அளவுக்கு இருந்ததுங்க.

இப்ப, சிப்புன்னா என்னன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். போர்டு நடுவுல கருப்பா, ரெண்டு பக்கமும் காலு காலா ஒண்ணு இருக்கும். எப்ப மோட்டார் ஓடோணும், எப்ப நிக்கோணும்கற புரோகிராம் பூரா அதுக்குள்ளதான். புரோகிராமர்னு ஒரு கருவி இருக்குது, அதுல சொருகித்தான் எழுதோணும். எழுதறவங்க அதுக்கு ஒரு லாக் போட்டுருவாங்க, யாரும் உள்ள இருக்கறதைப் படிச்சுக் காப்பி அடிக்கக் கூடாதுன்னு. நானும் போடுவேன். போடாட்டி ஆறு மாசம் நான் மண்டைய ஒடைச்சு எழுதுனதைப் பக்கத்துத் தெருக்காரன் பத்தே நாள்ல வித்துட்டு இருப்பான். பண்ணியிருக்காங்க, எனக்கே பண்ணியிருக்காங்க. அதனால ஒருத்தன் வந்து, லாக்கை எப்படித் தெறக்கறதுன்னு கேட்டா எங்களுக்கு என்னங்க தோணும்? திருட்டுப் பயன்னுதான் தோணும். உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

போன சித்திரையில, மத்தியானம் சாப்புட்டுட்டு உக்காந்திருக்கேன். குரூப்புல ஒரு புது நம்பர்ல இருந்து வாய்ஸ் மெசேஜ். ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டு. நான் பத்து செகண்டு கேட்டேன். "எல்லாருக்கும் வணக்கமுங்க, என்ற பேரு நாச்சிமுத்து, உடுமலைக்குத் தெக்க கயிறு மில்லுல வேலைங்க. ஒரு சிப்புல லாக் இருக்குதுங்க, அதையத் தெறந்து வேற சிப்புல ஏத்தோணும்"னாரு. அத்தோட நிறுத்திட்டேன். ரெண்டே முக்கால் நிமிசம் யாருங்க கேப்பாங்க? நீங்க கேப்பீங்களா? ஒருத்தரும் கேக்கலீங்க. இருநூறு பேர்ல ஒருத்தரும் கேக்கல. நான் மட்டும் கேக்காத மாதிரி பின்னால பேசுனாங்க.

உடனே ஆரம்பிச்சுட்டாங்க. ஈரோட்டுக்காரரு, "ஒரு நாள் ஃப்ரீசர்ல வைங்க, வெறைச்சுப் போயி தானா சொல்லிடும்"னாரு. சேலத்துல ஒருத்தரு, "ஸ்டேஷன்ல ஒப்படைங்க, அடிச்சுக் கேப்பாங்க"ன்னாரு. இன்னொருத்தரு, புளித்தண்ணியில ஊற வெச்சா லாக் துருப்புடிச்சு வுழுந்துரும்னு போட்டாரு. எல்லாஞ் சிரிப்புத்தான். எனக்கு இதெல்லாம் பத்தாதுங்க. தமாசுன்னா அதுல உண்மை இருக்கோணும். நான் போட்டேன்: "இவங்க சொல்றதெல்லாம் கேக்காதீங்க ஐயா. புரோகிராமர்ல சிப்பைச் சொருகி, ஸ்கிரீன்ல 'எரேஸ்'னு ஒரு பட்டன் இருக்கும், ஒரே ஒரு தாட்டி அமுக்குங்க. லாக் போயிடும். நூத்துக்கு நூறு கியாரண்டி." கீழ மூணு சிரிப்பு மூஞ்சி. மூணு போட்டேங்க. ஒண்ணில்ல.

உங்களுக்குச் சிரிப்பு வரல பாருங்க. லைன்ல இருக்கறவனுக்குத்தான் வரும். எரேஸ் அமுக்குனா லாக் நெசமாவே போயிடும். ஆனா உள்ள இருக்கற புரோகிராமை மொதல்ல துடைச்சுட்டுத்தான் லாக்கை எடுக்கும். அதுதான் அந்த சிப்பு பண்ணுனவன் வெச்ச காவலு. ஊட்டுச் சாவி தொலைஞ்சு போச்சுன்னா ஊட்டையே இடிச்சுப்போடு, பூட்டுத் தொந்தரவு இல்லைங்கற மாதிரி. வேலை கத்துக்கற மொத வாரமே யாரும் தெரிஞ்சுக்கற சமாச்சாரம். நாப்பத்தேழு பேரு சிரிச்சாங்க அதுக்கு. எண்ணிப் பாத்தேன், நாப்பத்தேழு.

மக்கா நாள் காலையில அதே நம்பர்ல இருந்து மறுபடியும் ஒரு வாய்ஸ். இது சின்னது. அதனால எல்லாரும் கேட்டுட்டாங்க. "லாக் போயிடுச்சுங்க. நீங்க சொன்ன மாதிரியே பண்ணுனமுங்க, போயிடுச்சு. ரொம்ப நன்றிங்க. இப்ப புரோகிராம் எதுல வந்திருக்கும், எங்க போயிப் பாக்கோணும்னு மட்டும் சொல்லுங்க"ன்னாரு. சந்தோசமாப் பேசறாருங்க. மூச்சு வாங்கறது கேக்குது, மாடிப்படி ஏறி வந்தவராட்டம்.

  ஒரு மணி நேரம் கழிச்சு அட்மின் எழுதுனாரு: "எல்லாரும் நேத்து வந்த வாய்ஸை முழுசாக் கேளுங்க." அவ்வளவுதான்.

கேட்டேன்.

அவருக்கு ஒரே பொண்ணுங்க. இந்துஜான்னு பேரு. எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்குது. கடைசி வருசத்துல கோழிக்குஞ்சு பொரிக்கற பெட்டி ஒண்ணு பண்ணியிருக்குது. பல்பு சூட்டுல முட்டையை வெச்சு, ரெண்டு மணிக்கு ஒருக்கா தட்டு தானாத் திரும்பி, இருவத்தொரு நாள்ல குஞ்சு வர்ற மாதிரி. புரோகிராம் பூரா அதுவே எழுதுனது. கூடப் படிச்ச ஒருத்தன் அதுக்கு முந்தின வருசம் அதோட வேலையைக் காப்பி அடிச்சு மார்க்கு வாங்கிட்டானாம், அந்தக் கோவத்துல லாக் போட்டிருக்குது. படிப்பு முடிஞ்சு கோயமுத்தூர்ல வேலைக்குச் சேந்து நாலு மாசம். காய்ச்சல்னு ஊட்டுக்கு வந்துது. ஆறே நாளு. போன ஐப்பசியில போயிடுச்சுங்க.

லேப்டாப்பை அதுக்கு முன்னாலயே சித்தப்பன் மகளுக்குப் படிக்கக் குடுத்துட்டாங்க, அது எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுக்கிச்சு. மிஞ்சுனது அந்தப் பெட்டி ஒண்ணுதான். அது ஓடிட்டுத்தான் இருந்துது. போர்டு சூடாகுது, எப்ப வேணா போயிரும்னு அந்த ஊரு மிக்ஸி மெக்கானிக் ஆறுச்சாமின்னு ஒருத்தரு சொல்லியிருக்காரு. அவருதான் இவரைக் குரூப்புல சேத்துவிட்டது. வாய்ஸ்ல கடைசியாச் சொல்றாருங்க: "பாப்பா எழுதுனது இது ஒண்ணுதானுங்க இருக்குது. கெட்டுப்போறதுக்குள்ள இன்னொண்ணுல ஏத்தி வெச்சுக்கோணும். யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

இதைய மொதல்லயே சொல்லியிருக்கோணுமில்லீங்க? நீங்களே சொல்லுங்க. வணக்கம், என்ற பேரு, கயிறு மில்லுன்னு எதுக்கு? பொண்ணு போயிடுச்சுன்னு மொத வார்த்தையே சொல்லியிருந்தா நான் எதுக்குங்க அப்படிப் போடப்போறேன்? பத்தாவது செகண்டுல சொல்லியிருந்தாக்கூடப் போதும். ஒன்னே முக்கால் நிமிசம் கழிச்சுத்தான் பாப்பாங்கற வார்த்தையே வருது. நான் அதுக்கப்புறம் பலதாட்டி கேட்டுப் பாத்திருக்கேன், ஒன்னு நாப்பத்தாறுல வருது.

சரி, அந்த ஆறுச்சாமிக்கு அறிவு வேண்டாமா? புரோகிராமர் வாங்கி வெச்சிருக்காரு, எரேஸ்னா என்னன்னு தெரியல. மிக்ஸி மெக்கானிக்குன்னா மிக்ஸியோட நிக்கோணும். நாச்சிமுத்து அண்ணன் போனைப் பாத்துப் படிச்சிருக்காரு, அவரு பட்டனைத் தேடியிருக்காரு. அமுக்கப் போறப்ப, "இருங்க, பாப்பாவோடது, நானே அமுக்கறேன்"னு நாச்சிமுத்து அண்ணன் கைய நீட்டி அமுக்குனாராம். பின்னால அந்த ஊருக்குப் போனப்ப ஆறுச்சாமி எங்கிட்டச் சொன்னாரு. எதுக்கு அதையெல்லாம் சொல்றாரு எங்கிட்ட?

குரூப்புல அன்னைக்குத் திட்டுனாங்க பாருங்க என்னைய. ஃப்ரீசர்ல வைன்னவரு திட்டறாரு. அடிச்சுக் கேளுன்னவரு திட்டறாரு. சிரிச்ச நாப்பத்தேழு பேரும் சிரிப்பை எடுத்துட்டாங்க, அதைய எடுத்துக்கலாமுங்க, வசதி இருக்குது. அட்மின் அவருக்கு போன் பண்ணி, சிப்பு அழிஞ்சு போச்சுங்க ஐயா, இனி எடுக்க முடியாதுன்னு சொன்னாராம். தமாசுக்குச் சொன்னதுன்னு சொல்லலையாம். வாய் வரலன்னாரு. நான் குரூப்பை விட்டு வெளிய வந்துட்டேன். யாரும் தள்ளல, நானாத்தான் வந்தேன். அந்த நம்பரையும் எடுத்துட்டு வேற போட்டுட்டேன். பழைய நம்பர்ல டவர் சரியில்லீங்க.

அப்புறம் நான் ஒரு வேலை பண்ணுனேன். பரிகாரத்துக்காகன்னு நெனைக்காதீங்க. அந்தச் சமயம் ஆர்டர் கம்மி, சும்மாதான் இருந்தேன். வந்த ரெண்டு ஆர்டரும் அவசரம்னாங்க, வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். புது நம்பர்ல இருந்து அவருக்குப் போன் போட்டு, குரூப்புல இருந்து பேசறேனுங்க, பெட்டிக்கு நான் புதுசா எழுதித் தர்றேன்னேன். அவரு உடனே, "வாங்க தம்பி, சாப்புடறாப்பல வாங்க"ன்னாரு. யாரு என்னன்னு கேக்கலீங்க. நல்ல மனுசங்க கேக்க மாட்டாங்க, அதுதான் நமக்குச் சங்கடம்.

வைகாசியில போனேன். ரெண்டு ரூமு ஊடு. முன் ரூமுல பெட்டி. பிளைவுட்டுல பண்ணுனது, ஓரமெல்லாம் அந்தப் பொண்ணே தேச்சிருக்குது. வசந்தாமணின்னு அந்தம்மா பேரு. பெட்டி எப்படி எப்படி ஓடும், என்னென்ன சத்தம் போடும்னு கேட்டு எழுதிக்கிட்டேன். புரோகிராம் போச்சுன்னாலும் அது என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சா திரும்ப எழுதிரலாமில்லீங்க. தட்டு திரும்பறதுக்கு முன்னால 'கீ'ன்னு ஒரு சத்தம் வரும், அப்புறம் சித்த நிறுத்தி 'கீகீ'ன்னு வரும்னு அந்தம்மா சொன்னாங்க. எவ்வளவு நேரம் நிறுத்துமுங்கன்னேன். அந்தம்மா வாயில 'கீ'ன்னு சொல்லி, நிறுத்தி, 'கீகீ'ன்னாங்க. வாட்ச்சைப் பாத்துட்டு இருந்தேன், சரியாப் புடிக்கல. இன்னொருக்கா சொல்லுங்கன்னேன். சொன்னாங்க. அஞ்சு தாட்டி சொல்ல வெச்சேன். அளவு சரியா வேணுமில்லீங்க. அஞ்சாவது தாட்டி பாதியில எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அடுப்புல என்னமோ வெச்சிருந்தாங்களாட்டம் இருக்குது.

மூணு மாசம் உக்காந்து எழுதுனனுங்க. பழைய போர்டை அக்கக்கா எடுத்து வரைஞ்சு, புதுப் போர்டு போட்டு, நல்ல ரிலே போட்டு, கடியாரத்துக்குன்னு தனியா கிரிஸ்டல் போட்டு. அந்தப் பொண்ணு அதைய விட்டுட்டுதுங்க, சிப்புக்கு உள்ள இருக்கற சாதாக் கடியாரத்தையே நம்பிட்டுது. அது வெயில் ஏறுனா ஒரு மாதிரி ஓடும், மழையில ஒரு மாதிரி ஓடும். படிச்ச புள்ளைங்க பண்ற தப்புத்தான். அதையெல்லாம் சரி பண்ணிட்டேன். என்ற கடையிலயே நாட்டுக்கோழி முட்டை முப்பது வெச்சுப் பாத்தேன், இருவத்தேழு பொரிச்சுது. அவங்க பெட்டியில இருவதுக்கு மேல வந்ததே இல்லையாம். வேலைன்னா அப்படி இருக்கோணும்.

இன்னைக்குக் காலையில கொண்டு போயி மாட்டுனேன். இப்ப அங்க இருந்துதான் வர்றேன். பத்து மணிக்குப் போட்டுவிட்டேன். அவங்க ரெண்டு பேரும் பெட்டி முன்னாலயே உக்காந்துட்டாங்க. மில்லுக்கு லீவு போட்டிருக்காரு மனுசன். நான் சொன்னேன், ரெண்டு மணி நேரமாகுமுங்க, வேலை இருந்தாப் பாருங்கன்னு. நகரல. பன்னெண்டுக்கு 'கீ'ன்னுது, நின்னுது, 'கீகீ'ன்னுது. தட்டு பூப்போலத் திரும்புச்சு. நான் அவங்க மூஞ்சியப் பாக்கறேன். அந்தம்மா செவுத்துல இருந்த கடியாரத்தைப் பாத்தாங்க. "சரியாப் பன்னெண்டு"ன்னாங்க.

"ஆமாங்கக்கா, ஒரு நிமிசம் மாறாது"ன்னேன்.

அவரு சொன்னாரு, "முந்தியெல்லாம் அது சொன்ன நேரத்துக்கு வராதுங்க தம்பி. ஒரு நாளு சீக்கிரம் வரும், ஒரு நாளு நேரமாயிரும். இன்னுங் காணமேன்னு இவ இங்க வந்து பாத்துட்டே நிப்பா. பாப்பாவும் அப்படித்தான், அஞ்சு மணின்னா ஆறு மணிக்கு வரும். திட்டுவோம்." சிரிச்சாரு சொல்லிட்டு. அந்தம்மா சிரிக்கல.

எனக்குக் கொஞ்சம் வருத்தந்தானுங்க. மூணு மாச வேலை. முட்டைக் கணக்கைச் சொன்னேன், முப்பதுக்கு இருவத்தேழுன்னு. "அருமைங்க, அருமைங்க"ன்னாரு. நல்லாயிருக்குதுன்னு யாரு வேணாச் சொல்லிரலாம். புடிச்சிருந்தாத் தெரியுமில்லீங்க. சாப்பாடு போட்டாங்க. அரிசிம்பருப்பு சாதம், நெய்யி, தயிரு. தட்டுல குறையக் குறைய அந்தம்மா வெச்சுட்டே இருந்தாங்க.  அவங்ககிட்டச் சொல்லிரலாமான்னு இருந்துது, அந்த ஷார்ட் சர்க்யூட் நாந்தானுங்கன்னு. சொன்னா என்ன பண்ணப் போறாங்க? அடிக்கவா போறாங்க? தமாசுக்குச் சொன்னதுங்கன்னு சொல்லி, அதுல என்ன தமாசுன்னு அவரு கேட்டாருன்னா, உங்களுக்கு வெளக்குன மாதிரி அவருக்கு ஊடு, பூட்டுன்னு வெளக்கோணும். கைய கழுவிட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

கைய கழுவிட்டு வந்தா, அவரு ஒரு கம்மல் டப்பாவைக் கையில வெச்சுட்டு நிக்கறாரு. தெறந்து காட்டறாரு. உள்ள பஞ்சு மேல அந்தப் பழைய சிப்பு.

"தம்பி, ஒரு உதவிங்க. அந்தக் குரூப்புல ஷார்ட் சர்க்யூட்டுன்னு ஒருத்தர் இருந்தாரு. இப்ப காணம். உங்களுக்கு அவரைத் தெரியுங்களா?"

 பாத்திருக்கேன்னு தலையாட்டுனேன்.

"மத்தவங்க சொன்னதெல்லாம் வெளையாட்டுன்னு எனக்குத் தெரியுமுங்க. ஃப்ரீசர்ல வை, புளியில போடுன்னாங்க. நான் ஒண்ணும் அவ்வளவு வெவரங்கெட்டவன் இல்லீங்க. அவரு ஒருத்தருதான் நம்மளை மதிச்சு, ஐயான்னு கூப்புட்டு, பதில் சொன்னாரு. அவரு சொன்ன மாதிரியே லாக்கும் போயிடுச்சு. அதுக்கப்புறம் நாந்தான் என்னமோ தப்பாப் பண்ணிப்போட்டேன். பாதியில கைய எடுத்துட்டனா, சேத்து அமுக்கிட்டனான்னு தெரியல. இவகூட இன்னும் அதைய வெச்சு எங்கிட்டப் பேச மாட்டேங்கறா."

"அதுல இனி ஒண்ணும் இல்லீங்கண்ணா, காலிங்க"ன்னேன். சொன்னனுங்க, சொல்லாம இல்ல.

"நம்ம கண்ணுக்குக் காலியா இருக்கலாமுங்க. அவரு வெவரந் தெரிஞ்சவரு. லாக்கையே எடுத்தவரு. அவரு கையில ஒருக்கா குடுத்துப் பாருங்க. அவரு பாத்துட்டு இல்லைன்னுட்டாருன்னா நாங்க விட்டுருவோம்."

அந்தம்மா கதவோரம் நின்னுட்டு இருந்தாங்க. காலையில இருந்து என்னைய நேராப் பாக்காதவங்க அப்பத்தான் பாத்தாங்க.

வாங்கிக்கிட்டனுங்க. வேற என்ன பண்றதுங்க? இந்தா, சட்டை மேல் பையிலதான் இருக்குது. அவரு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாரு. ஏத்திவிட்டுட்டு, சன்னல் கம்பியைப் புடிச்சுட்டு, அவரு பாத்துச் சொல்ல எத்தனை நாளாகுமுங்க தம்பின்னு கேட்டாரு.

ஒரு வாரம் ஆகும்னு சொல்லியிருக்கனுங்க.